பூட்டும் புளித்த மாவும்

பூங்கோதை கர்ப்பமாக இருந்தாள். அதில் இருந்த ஒரே சிக்கல், அவளால் கர்ப்பமாக இருக்க முடியாது என்பதுதான்.

டாக்டர் காந்திமதி ஸ்கேன் திரையை அணைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். மொச்சைக்கொட்டை அளவில் கரு அங்கேயே இருந்தது. இதயம் வேறு துடித்தது. புதுக்குலசைக்கு மருத்துவராக வந்ததிலிருந்து அவர் எத்தனையோ கர்ப்பங்களைப் பார்த்துவிட்டார். எல்லாம் அவர் கையால் மாத்திரை கொடுத்து உண்டானவை. சொல்லாமல் கொள்ளாமல் வந்தது இதுதான் முதல்.

"டாக்டர், சந்தோசப்படலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றான் பேச்சிமுத்து. பூங்கோதையின் கணவன், பொதுச் சமையற்கூடத்தில் சமையல்காரன்.

"இரு, நானும் அதைத்தான் யோசிக்கேன்" என்றார் காந்திமதி.

புதுக்குலசை நிலவின் தென்துருவத்தில், தரைக்கு அடியில் இருந்த ஊர். பனிக்கட்டியை வெட்டித் தண்ணீராக்குவது அதன் தொழில். குலசேகரப்பட்டினம் பக்கத்திலிருந்து முதலில் வந்து இறங்கியவர்கள் வைத்த பெயர் அது. அங்கே எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. தண்ணீருக்கு அளவு, வெளிச்சத்துக்கு அளவு, காற்றுக்கு ரொம்ப அளவு. காற்றுக்கு அளவு இருந்ததால் பிள்ளைக்கும் அளவு. ஆண்டுக்கு மூன்று. யாருக்கு என்பதற்கு ஒரு வரிசை. முறை வரும்வரை யாரும் அவசரப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக, வந்து இறங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் ஊசி போட்டுக் கருப்பையைப் பூட்டிவிடுவார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் வர முடியும். பூங்கோதையும் போட்டிருந்தாள்.

"பூட்டுன்னு சொல்லுதீங்களே, அது எப்படித் தெறந்துச்சு? நான் காத்துக் குழாய்க்கு வால்வு மாட்டுதவ. எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க" என்றாள் பூங்கோதை.

காந்திமதி நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாசாமாசம் ரெண்டு ஹார்மோன் வேலை செய்யும். முதல்ல ஈஸ்ட்ரோஜன் வந்து கருப்பைச் சுவரைக் கட்டும். அது கொத்தனார். அப்புறம் வாரது புரொஜெஸ்டிரோன். அது நேரா செல்லுக்குள்ள நுழைஞ்சு, அங்க தனக்குன்னு காத்துக்கிட்டிருக்க ஒரு புரதத்துல போய் மாட்டிக்கிடும். சாவி பூட்டுல போற மாதிரி. சாவியும் பூட்டுமா சேர்ந்து மரபணு இருக்க எடத்துல போய் உக்காந்து, 'ஏ, எந்திரி, விருந்தாளி வாராக, பாயை விரி'ன்னு சொல்லும். தூங்கிக்கிட்டிருந்த மரபணு எல்லாம் அப்பத்தான் எந்திரிக்கும். கரு வந்து ஒட்டும்."

"சரி."

"உங்களுக்கு எல்லாம் அந்தப் பூட்டை மாத்தி வச்சிருக்கோம். உங்க உடம்புச் சாவி அதுல சேராது. நாங்க செஞ்ச சாவிதான் சேரும். அது என் அலமாரியில மாத்திரையா இருக்கு."

"நாங்க ஒங்க அலமாரியத் தொடவே இல்லையே டாக்டர்" என்றான் பேச்சிமுத்து பதறி.

"தொட்டாலும் தெறக்காது. என் உள்ளங்கையும் நிர்வாகி உள்ளங்கையும் சேர்ந்து வச்சாத்தான் தெறக்கும்."

நிர்வாகி தேவசகாயத்துக்குச் செய்தி போன வேகத்தில் அவரே வந்து சேர்ந்தார். நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். ஊருக்கான காற்றில் ஒரு லிட்டர் குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் போய்விடும். சிக்கனத்துக்காக அவர் மூச்சைக்கூடப் பாதிதான் இழுக்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு.

"டாக்டரம்மா, நீங்க குடுத்தியளா?"

"நான் குடுக்கணும்னா ஒங்க கையை வெட்டி எடுத்துட்டு வந்துதான் அலமாரியத் தெறக்கணும்."

தேவசகாயம் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அப்ப எப்படி?"

ஆய்வகத்தில் கருப்பைச் செல்களை வளர்க்கும் தட்டுகள் இருந்தன. மாத்திரைகளின் வீரியத்தைச் சோதிக்க வைத்திருந்தவை. அவற்றிலும் அதே பூட்டுதான். பாய் விரிக்கும் மரபணு விழித்துக்கொண்டால் தட்டு பச்சையாக ஒளிரும். காந்திமதி பூங்கோதையின் ரத்தத்தில் ஒரு சொட்டை ஒரு தட்டில் விட்டார். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, தட்டு பண்டிகை விளக்குபோலப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"ரத்தத்துலயே ஒரு சாவி ஓடுது. எங்கேயிருந்தோ உள்ள போயிருக்கு. பேச்சிமுத்து, இவ சாப்பிடுறது எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் கொண்டா" என்றார்.

அடுத்த சில நாட்கள் அந்த ஆய்வகத்தில் சமையல் வாசனைதான். ரசம், அவியல், சோயாக் குழம்பு, கொத்தமல்லித் துவையல் எல்லாவற்றிலிருந்தும் சாறு எடுத்துக் காந்திமதி தட்டுகளில் விட்டார். எந்தத் தட்டும் அசையவில்லை.

"கருப்பைக்கு ரசம் பிடிக்கலை" என்று பூங்கோதையிடம் சொன்னார். "துவையலும் பிடிக்கலை. நீ வேற என்னதாம்ளா திங்கே?"

பூங்கோதை கணவனைப் பார்த்தாள். பேச்சிமுத்து கூரையைப் பார்த்தான்.

"தோசை" என்றாள் அவள் மெதுவாக.

"தோசை ஊரே திங்குது."

"இது... புளிச்சது டாக்டர். ரொம்பப் புளிச்சது. மிஞ்சுன மாவை உரத் தொட்டியில கொட்டணும்னு சட்டம். இவுகளுக்குக் கொட்ட மனசு வராது. வீட்டுக்குக் கொண்டாந்துருவாக. எனக்கு மூணு நாளு, நாலு நாளு புளிச்சாத்தான் தொண்டைக்குள்ள எறங்கும். தெனமும் அதுதான்."

அன்று அந்த மாவை விட்டதும் தட்டு எரிந்த பச்சையில் காந்திமதியின் முகமே பச்சையாகத் தெரிந்தது.

விஷயம் அவருக்கு விளங்க இரண்டு நாள் ஆயிற்று. விளங்கியதும் தேவசகாயத்தை அழைத்துச் சொன்னார். "மாவுல வெந்தயம் போடுதோம்லா, அதுல ஸ்டீராய்டு ஹார்மோனுக்குப் பங்காளி முறையுள்ள ஒரு பொருள் இருக்கு. அதுல அங்கங்க ஒரு கையை ஒடிச்சு ஒரு காலை ஒட்டினா ஹார்மோன் ஆயிரும். பூமியில மருந்துக் கம்பெனிக்காரங்க செடியிலிருந்து இப்படிப் பொருளை எடுத்து, கிருமிகிட்ட குடுத்து, அந்த வேலையைச் செய்ய வச்சாங்க. நம்ம மாவுக் கிருமிக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை. விண்வெளிக் கதிர்ல இத்தனை வருசம் நனைஞ்சு தானாவே படிச்சிருக்கு. நல்லாப் புளிச்சா மட்டும் செய்யுது. புது மாவுல ஒண்ணும் இல்லை."

தேவசகாயம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஊர்ல எத்தனை பேரு புளிச்ச மாவு திங்கிறாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. அதுதான் பயமா இருக்கு." எழுந்து நின்றார். "எல்லா மாவையும் கொட்டணும். இன்னைக்கே. உறைக்கு எடுத்து வச்ச மாவுகூட மிஞ்சக் கூடாது."

"கொட்டக் கூடாது" என்றார் காந்திமதி. "பாயை ஒருக்கா விரிச்சாப் போதாது. விருந்தாளி இருக்க வரைக்கும் சுருட்டாமப் பாத்துக்கிடணும். சாவி நின்னா மரபணு மறுபடியும் தூங்கிரும். கரு தங்காது. மாவைக் கொட்டுறதா இருந்தா பூங்கோதைக்கு மாத்திரை குடுங்க. ஒங்க கையைக் கொண்டாங்க, அலமாரியத் தெறப்போம்."

"அவ பேரு வரிசையில எங்க இருக்கு தெரியுமா? இந்த வருசத்து மூணு பேரும் ஏற்கெனவே மாத்திரை தின்னுக்கிட்டிருக்காங்க. நாலாவதுக்கு நான் எங்க போக? எனக்கு இரக்கம் இருக்கு டாக்டரம்மா. காத்து இல்லை."

அவர் கெட்ட மனிதர் இல்லை என்பது காந்திமதிக்குத் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

மாலைக்குள் அறிவிப்பு ஒலித்தது. எல்லாரும் வீட்டிலுள்ள மாவைக் கொண்டுவந்து உரத் தொட்டியில் கொட்ட வேண்டும். காரணம் சொல்லப்படவில்லை. சொல்லவும் தேவையில்லை. பூங்கோதை பக்கத்து வீட்டில் சொல்லி அழுதிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அதற்குப் பக்கத்து வீட்டில் சொல்லி அழுதிருந்தாள்.

பெண்கள் வரிசையாக வந்து பாத்திரங்களைக் கவிழ்த்தார்கள். தேவசகாயம் பக்கத்தில் நின்று பார்த்தார். கொட்டியதெல்லாம் அன்று அரைத்த புது மாவு. பழைய மாவு ஒரு கரண்டிகூடத் தொட்டிக்கு வரவில்லை என்பதை அவர் மூக்கு சொல்லிவிட்டது. மறுநாள் இரண்டு காவலர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகச் சோதனைக்குப் புறப்பட்டார்.

புளித்த மாவை ஒளிப்பது லேசான காரியம் இல்லை. அது மணக்கும். பொங்கும். நிலவில் ஈர்ப்பு குறைவு என்பதால் பூமியில் பொங்குவதைவிட உயரமாகவே பொங்கும். ஒருத்தி கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குள் வைத்திருந்தாள், நட்சத்திரம் சொட்டியது. ஒருத்தி பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பின்னால் வைத்துவிட்டு, விரதம் என்று சொல்லிக் கதவைத் திறக்கவே மறுத்தாள். பனி வெட்டும் இயந்திரத்தை ஓட்டும் முத்துலட்சுமி, விண்வெளி உடுப்பின் தலைக்கவசத்துக்குள் வைத்திருந்தாள். அது தெரியாமல் காவலர் ஒருவர் சோதனைக்காகக் கவசத்தை எடுத்துத் தலையில் மாட்டிப் பார்த்தார். அவரைக் கழுவி எடுக்க அந்த வாரத்து உபரித் தண்ணீர் முழுவதும் செலவாயிற்று.

"இது என்னளா முத்துலட்சுமி?" என்று தேவசகாயம் கத்தினார்.

"முகத்துக்குப் போடுத க்ரீம் சார்" என்றாள் அவள்.

இவ்வளவு நடந்தும், பூங்கோதைக்கு மட்டும் நாள் தவறாமல் ஏதோ ஒரு வீட்டிலிருந்து தோசை போய்க்கொண்டிருந்தது. தோசைத் தட்டு அவளிடம் சேரும்வரை எத்தனை கைகள் மாறியது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தேவசகாயம் சோதிக்காமல் விட்டது ஒரே ஒரு வீடு. மதியச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்குப் போனவர், தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தார். அடித்தட்டு முழுக்க மாவு. நான்கு பாத்திரம். மூடியைத் தூக்கியதும் கண்ணில் நீர் வரும் அளவுக்குப் புளிப்பு.

"ப்ரிசி!"

அவர் மனைவி பிரிசில்லா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, அதிர்ந்து பேசாதவள்.

"ஆமா, மாவுதான்" என்றாள். "ஒங்க வீட்டை யாரும் சோதிக்க மாட்டாகன்னு ஊர்ப் பொம்பளைப் பிள்ளைங்க இங்கன கொண்டாந்து வச்சிருக்கு. சரியாத்தான் யோசிச்சிருக்குக."

"நீயே இப்படிச் செய்யலாமா? நாளைக்கு நான் எந்த முகத்தோட ஊருக்கு முன்னால நிப்பேன்?"

"நீங்க நிக்குற அழகைத்தான் நானும் பாக்கேனே. வரிசையில நம்ம பேரு எத்தனை தரம் மேல வந்துச்சு? சொல்லுங்க."

தேவசகாயம் கையிலிருந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வரும்போதெல்லாம் எடுத்துக் கடைசியில போட்டிய. நிர்வாகி தனக்கே குடுத்துக்கிட்டான்னு நாலு பேரு சொல்லிருவாகன்னு. ஒங்களை யோக்கியன்னு ஊரு சொல்லணும், அதுக்கு என் வயிறு காஞ்சு கெடக்கணும். நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? கேட்டதில்லை. ஊரான் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"காத்து வேணும்லா ப்ரிசி. காத்துக்கு நான் எங்க போக?"

"விருந்தினர் குடிலுக்குப் போங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பூமியிலிருந்து வரப்போகும் அதிகாரிகளுக்காகக் கட்டிய வீடு அது. ஆறு பேர் தங்கலாம். எப்போது வந்தாலும் தயாராக இருக்க வேண்டும் என்பதால், ஆறு பேருக்கும் உண்டான காற்று இரவும் பகலும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஊர் உண்டான நாளிலிருந்து ஓர் அதிகாரியும் வரவில்லை.

"அது மேலிடத்து உத்தரவு" என்றார்.

"அங்க காலி நாற்காலி மூச்சு விடுது. இங்க ஒரு உசிரு விடக் கூடாதுங்கிய. சரி, கொட்டுங்க. நாலு பாத்திரத்தையும் நீங்களே எடுத்துட்டுப் போய்க் கொட்டுங்க. ஆனா தெரிஞ்சு கொட்டுங்க."

"என்னத்தைத் தெரிஞ்சு?"

பிரிசில்லா வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

தேவசகாயம் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர். குளிர்பெட்டியைப் பார்த்தார், மாவைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். கணக்கைப் போட்டு முடித்ததும், பிடித்திருந்த மூடியை மெல்ல, ரொம்ப மெல்ல, பாத்திரத்தின்மேல் திரும்ப வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முழு மூச்சாக ஒரு மூச்சு இழுத்தார்.

மறுநாள் காலை அவர் மனைவியைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார். அவள் நன்றாகவே நடந்தாள். தாங்கல் அவருக்குத்தான் தேவையாக இருந்தது. அவரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் காந்திமதி திரைச்சீலையை இழுத்தார். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"பிரிசில்லா, இங்க ஒண்ணும் இல்லையே!"

"மெதுவாப் பேசுங்க டாக்டர். வெளிய இருக்காக."

"அவருகிட்ட கர்ப்பம்னு சொன்னியா?"

"நான் ஒண்ணுமே சொல்லலை. வயித்துல கையை வச்சேன். மத்தியானம், பசிச்சுது." அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, கண்ணில் மட்டும் இருந்தது. "அந்தப் பிள்ளை பூங்கோதை என்கிட்ட வந்து அழுதா டாக்டர். எனக்கு வேற வழி தெரியலை. இவுக சட்டத்தைச் சட்டத்தால மாத்த முடியாது."

காந்திமதி வாயைப் பொத்தியும் அடங்காமல் குலுங்கிச் சிரித்தார். பிறகு கேட்டார்: "இனிமே என்ன செய்யப் போற?"

"நீங்கதான் சொல்லணும். புளிச்ச தோசை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனா நேத்து ராத்திரியே ரெண்டு தின்னுட்டேன்."

"ரெண்டு காணாது. தெனம் நாலு. மாவு நாலு நாளாவது புளிக்கட்டும்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "இது அந்தப் பொய்க்காகவா, இல்லை ஒனக்கே வேணுமா? ஒனக்கு வேண்டாம்னா வேற ஏதாவது யோசிப்போம்."

பிரிசில்லா படுத்தபடியே கூரையைப் பார்த்தாள். "வேணும் டாக்டர்" என்றாள். "ரொம்ப நாளா வேணும்."

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு காந்திமதி வெளியே வந்தார். தேவசகாயம் எழுந்து நின்றார்.

"எல்லாம் இருக்க வேண்டியபடி இருக்கு" என்றார் காந்திமதி. மருத்துவர் ஒருவர் சொல்லக்கூடிய பொய் இல்லாத வாக்கியங்களில் அதைவிட நல்லதை அவரால் யோசிக்க முடியவில்லை.

அன்று பிற்பகல் ஊர்க்கூட்டம். வரிசையை மீறிப் பிள்ளை உண்டானால் பூமிக்குத் திருப்பி அனுப்பலாம் என்று சட்டத்தில் இருந்தது; அதன்படி பூங்கோதையை அனுப்பும் உத்தரவை வாசிக்கப்போகிறார் என்று எல்லாரும் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சிமுத்து மூட்டையே கட்டிவிட்டான். தேவசகாயம் மேடையேறித் தொண்டையைச் செருமினார்.

"விருந்தினர் குடிலை இன்னைக்கோட மூடுதோம்" என்றார். "அங்க போற காத்து ஊருக்கு வரும். பூங்கோதை இங்கனயே இருக்கலாம். மாவுச் சோதனையும் இனிமே கெடையாது. மேலிடத்துல கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன்." கூட்டம் கைதட்டுவதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டார். அவர் ஏன் மாறினார் என்று ஊர் பல நாள் பேசியது. தலைக்கவசத்திலிருந்து வழிந்த மாவைப் பார்த்து மனம் இளகிவிட்டார் என்றான் பேச்சிமுத்து.

காந்திமதி பெண்களை மட்டும் கூட்டி உட்காரவைத்து ஒளிவுமறைவில்லாமல் பேசினார். புது மாவில் பயமில்லை. புளித்த மாவு வேண்டுகிறவர்களுக்கு மட்டும். ஆனால் காற்று இன்னும் அளவுதான். குடிலிலிருந்து வந்தது ஆறு மூச்சு, அறுபது அல்ல. "சாவி இதுவரைக்கும் அலமாரிக்குள்ள, என் கையிலயும் அவரு கையிலயும் இருந்துச்சு. இனிமே ஒங்க கையில. யாருக்கு முதல்லங்கிறதை நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றார். பேசினார்கள். சண்டையும் போட்டார்கள். முத்துலட்சுமி தனக்கு இப்போது வேண்டாம் என்று தன் முறையை வேறொருத்திக்குக் கொடுத்தாள். சமையற்கூடத்தில் யார் புளித்த தோசை கேட்கிறாள் என்று ஆண்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், எல்லாப் பெண்களுக்கும் தோசை பொட்டலமாகத்தான் என்று பெண்களே சட்டம் போட்டார்கள்.

பூங்கோதைக்குப் பெண் பிறந்தது. அழுகை பலமாக இருந்தது. அந்தக் குழந்தைக்கு மட்டும் தனிக் காற்றுக்குழாய் வேண்டும் என்று தேவசகாயமே கேலி செய்தார்.

அதன்பிறகு அவர் தன் வீட்டுக்காகக் காத்திருந்தார். பிரிசில்லாவின் வயிறு மேடிட்டது. ஆனால் அவர் எதிர்பார்த்த மாதம் வந்து, போய், அடுத்த மாதமும் வந்தது. ஒருவழியாக ஒரு மத்தியான வேளையில் பையன் பிறந்தான். நல்ல எடை, நல்ல நிறம், தலை நிறைய முடி.

துணியில் சுற்றிய பிள்ளையைக் காந்திமதி அவர் கையில் கொடுத்தார். தேவசகாயம் பிள்ளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"டாக்டரம்மா, நிலாவுல கர்ப்பம் பதினோரு மாசமா?"

காந்திமதி கையுறையைக் கழற்றுவதில் மும்முரமானார். "இங்க ஈர்ப்பு கம்மில்லா. மெதுவாத்தான் எறங்கும்."

"பூங்கோதைக்கு ஒம்பது மாசத்துல எறங்குச்சே."

"அவளுக்கு எதுலயும் அவசரம்."

தேவசகாயம் தலையை ஆட்டினார். பையன் கொட்டாவி விட்டான். ஊர்க்காற்றில் கணிசமான ஒரு பங்கு உள்ளே போய் வந்தது. அவர் அதை ஆசையோடு பார்த்தார்.

"ப்ரிசி அன்னைக்கு வயித்துல கை வச்சா பாருங்க, மறுநாள் இங்க வெளிய உக்காந்திருக்கும்போதே எனக்குச் சந்தேகம்தான். உள்ள நீங்க சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு" என்றார். "உள்ள வந்து கேட்டிருப்பேன். கேட்டா பதில் சொல்லிருவியளேன்னுதான் கேக்கலை."